மெட்டுப் பாதையை மறிக்க வேண்டாம்

கம்பம் பள்ளத்தாக்கின் தம்பி தங்கைகளுக்கு,

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் டீக்கடை, உரக்கடை, பஸ் ஸ்டாண்டு எங்கே நின்றாலும் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி ஒரே விசாரிப்புதான்: "டேம் எத்தனை அடி?" 120 என்றால் நாற்றங்கால் போட்டவர் முகம் தெளியும். 130 என்றால் இரண்டாம் போகத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். 136ஐ நெருங்கினால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பதற்றம் கிளம்பும். அதைக் கேட்டு இந்தப் பக்கமும் கிளம்பும். அப்படிக் கிளம்பப்போகிற ஏதோ ஓர் ஆண்டை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சண்டை இல்லாத நேரத்தில் சொன்னால்தான் காதில் ஏறும்.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் தொடக்கப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்த உரிமையில் எல்லாரிடமும் பேசுகிறேன். அடுத்த முறை அணைப் பேச்சு சூடாகும்போது, கேரளத்துக்கு ஏறும் குமுளி ரோட்டையோ கம்பம்மெட்டையோ போடிமெட்டையோ மறிக்கப் போகாதீர்கள். மறிக்கிறவர்களுக்குக் கூட்டம் சேர்க்காதீர்கள். தண்ணீர் உரிமையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதைக் காக்கும் இடம் வேறே இருக்கிறது, ரோட்டில் நின்று அதைக் காக்க முடியாது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

2011 டிசம்பரில் உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். இன்னும் சின்னவர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லும் கதை. அந்த வருஷம் இடுக்கியில் லேசான நில அதிர்வுகள் வந்தன. 1895இல் கட்டி முடித்த சுண்ணாம்பு சுர்க்கி அணை இனித் தாங்காது என்று அங்கே பயம் பரவியது. புது அணை கேட்டுப் போராட்டம் நடந்தது. குமுளியில் தமிழ்நாட்டு வண்டிகளை மறித்தார்கள். மாலை போட்டுப் போன ஐயப்ப பக்தர்கள் நடுவழியில் தவித்தார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் மேல் கல் விழுந்தது. ஊர் ஊராகத் திரண்ட ஜனம் ஆயிரக்கணக்கில் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பை நோக்கி நடந்தது. தடியடி, 144 தடை உத்தரவு எல்லாம் வந்தன. மூன்று மெட்டுப் பாதைகளிலும் போக்குவரத்து நின்றது. சபரிமலை வண்டிகளைச் செங்கோட்டை வழியாகத் திருப்பி விட்டார்கள்.

நடந்துபோன ஜனத்தின் கோபம் பொய்யில்லை. அதில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த மாதத்தின் செலவை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஏலத் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த நம் குடும்பங்கள் துணி மூட்டையும் கைப்பிள்ளையுமாகக் காட்டுத் தடத்தில் இறங்கி வந்தன. சின்னமனூர் வாழைத்தாரும் தேவாரம் பக்கத்துக் காய்கறியும் ஏற்ற லாரி இல்லாமல் கிடந்தன. நம் காய்க்கு நல்ல விலை கிடைப்பது ஓணத்திலும் சபரிமலை சீசனிலும்தான். அந்த சீசனில்தான் ரோடு அடைபட்டது.

என் வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா மலைக்கு ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவள். விடியுமுன் கிளம்பிவிடுவாள் என்பதால் மூத்த பெண் பிள்ளைதான் தங்கச்சிக்குத் தலை பின்னி, தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக் கூட்டிவரும். ரோடு அடைபட்ட முதல் சில நாட்கள் எல்லாப் பிள்ளைகளும் படிய வாரிய தலையும் பூவுமாக வந்தார்கள். அம்மா வீட்டில் இருந்ததில் அவ்வளவு சந்தோஷம். நாட்கள் போகப் போக, மத்தியானச் சத்துணவில் இரண்டாம் தடவை தட்டை நீட்டும் கைகள் கூடின. ஒரு பிள்ளை முட்டையைத் தின்னாமல் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வீட்டில் சின்னது இருக்கிறது, அதற்கு என்றாள்.

மலைக்குப் போகிற பெண்களைப் பற்றி நம் மாவட்டத்தில் பேச்சு குறைவு. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவருக்கு அது தகும். அணை கட்டும்போது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த நூற்றுக்கணக்கான கூலியாட்களை நினைக்க ஒரு நாள் இல்லை. இன்று மலையேறுகிறவர்களையும் அதே மாதிரிதான் விட்டுவிட்டோம்.

நீங்கள் பைக்கில் டியூஷனுக்கோ ஜிம்முக்கோ கிளம்பும் நேரத்துக்கு அவர்கள் வண்டன்மேட்டுக்கோ உடும்பன்சோலைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று ஒவ்வொரு ஊர் முக்கிலும் ஐந்து மணி இருட்டில் ஜீப் நிற்கும். எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் பாதியாவது ஏறுவார்கள். பின்னால் தொத்திக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. ஜீப் கவிழ்ந்த செய்தியை எத்தனையோ தடவை பேப்பரில் படித்திருக்கிறோம். சில நாள் ஜீப்புகளை நிறுத்திச் சோதிப்பார்கள். பிறகு பழையபடிதான்.

ஏலக்காய் மிளகைப் போல மேலே தொங்காது. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். காய் எடுக்க வேண்டுமானால் குந்த வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பை மடிக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பழுக்கப்போகிற காயும் இருக்கும். விளைந்ததை மட்டும் விரலால் தடவிக் கிள்ள வேண்டும். பிஞ்சு கூடைக்கு வந்தால் கங்காணி சத்தம் போடுவார். மழையென்றால் பிளாஸ்டிக் தாளைக் கொங்காணி போட்டுக்கொண்டு அதே வேலை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துக்கொள்வார்கள், ஆனாலும் ஏறும். ஒரு சுற்று எடுத்து முடித்துப் பத்து வாரம் பதினோரு வாரம் விட முடியாது, ஒன்றரை மாதத்துக்குள் அடுத்த சுற்று வந்துவிடும். சாயங்காலம் எடை போட்டு, திரும்ப ஜீப் ஏறி, வீட்டுக்கு வந்து உலை வைக்க வேண்டும். மெட்டுப் பாதையை மறிக்கிறவர் முதலில் மறிப்பது இவர்களின் உலையைத்தான்.

அவர்கள் கிள்ளிய காய் எங்கே போகிறது? தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து, மூட்டை கட்டி, நம் போடிநாயக்கனூருக்கு இறங்குகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் ஒரு முறை போடியில், மறு முறை இடுக்கியின் புற்றடியில் என்று மாறி மாறி நடக்கிறது. சிறு பைகளில் மாதிரி வரும். வியாபாரி உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார், லிட்டர் எடையைக் கேட்பார், பிறகுதான் விலை கேட்பார். போடியின் கிடங்குகளில் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்து பெருவெட்டு, சிறுவெட்டு என்று தரம் பிரிப்பதும் பெண்கள்தான். தோட்டக்காரர் யார் என்று கேட்டால் பாதி இடத்தில் மலையாளி, பாதி இடத்தில் போடிக்காரர் அல்லது கம்பத்துக்காரர். மலையில் தோட்டமும் கீழே வீடுமாக இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த ஏற்றத்திலும் பின்னால் வந்த இறக்கத்திலும் அந்தப் பக்கத்துச் சம்சாரியும் இந்தப் பக்கத்து வியாபாரியும் ஒன்றாகத்தான் ஆடினார்கள். காய் எடுத்த கைக்குக் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. கோபப்பட வேண்டிய இடம் அங்கே ஒன்று இருக்கிறது.

இனித் தண்ணீர். உங்களில் எத்தனை பேருக்கு நம் தண்ணீர் வரும் வழி தெரியும்? சிவகிரி மலைப்பக்கம் பிறக்கும் பெரியாறு தன் இயல்பில் மேற்கே போய் அரபிக்கடலில் சேர்வது. அதை மறித்துத் தேக்கி, தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1876–78 பஞ்சத்தில் மதுரைச் சீமையும் ராமநாதபுரமும் பட்ட பாடுதான் அந்த வேலையை அரசாங்கத்தின் தலையில் கட்டாயமாக ஏற்றியது. அந்தச் சுரங்கத்து நீர் ராட்சதக் குழாய்களில் விழுந்து, லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றி, அதற்கப்புறம்தான் நமக்கு ஆறாகிறது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும், வைகை அணையும், அதற்குக் கீழே மேலூர் வரை போகும் பாசனமும், ஐந்து மாவட்டத்தின் குடிநீரும் அந்த 104க்கு மேலே நிற்கும் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த உரிமை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னரும் சென்னை மாகாண அரசும் 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதிக்கொண்டார்கள். 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1970இல் அந்த வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாகக் கூட்டினோம். 1979இல் பாதுகாப்புப் பேச்சு எழுந்து நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு அணையை ஆராய்ந்து பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. அந்த நவம்பரிலேயே, 35 ஆண்டுக்குப் பிறகு, தண்ணீர் 142 அடியைத் தொட்டது. இதை எல்லாம் வாங்கித் தந்தவர்கள் கசிவு நீரை நாள்தோறும் அளந்து நோட்டில் எழுதிய பொதுப்பணித் துறை ஊழியர்களும், அந்த நோட்டுகளை நீதிமன்றத்தில் அடுக்கிய வக்கீல்களும். 2011 டிசம்பரில் மூடிக்கிடந்த ரோட்டால் ஓர் அடி தண்ணீர் கூடியதாக எவரும் காட்ட முடியாது.

பெரிய அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பேபி அணையைப் பலப்படுத்தும் வேலை இன்னும் பாக்கி நிற்கிறது. அது முடியாமல் பழைய 152 அடிக்குத் திரும்பும் பேச்சு நகராது. அங்கே சில மரங்களை வெட்டவே கேரள வனத்துறையின் அனுமதி வேண்டும். நம் பொறியாளர்கள் தேக்கடியில் படகேறித்தான் அணைக்குப் போகிறார்கள். சிமென்ட், தளவாடம் போக வேண்டிய வல்லக்கடவு காட்டுப்பாதையும் கேரளத்துக்குள் இருக்கிறது. குமுளியில் நாம் ஒரு வண்டியை மறித்தால் வல்லக்கடவில் நம் வண்டி ஒன்று நிற்கும். இது எனக்குத் தெரிந்த எளிய கணக்கு.

அந்தப் பக்கத்துப் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் கைப்பேசியில் அது கேலிப் படமாகத்தான் வருகிறது. அணைக்குக் கீழே முதலில் வரும் பெரிய ஊர் வண்டிப்பெரியாறு. அதன் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்பவர்களில் ஏராளமானோர் தமிழ் பேசுகிறவர்கள், நம் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பேரன் பேத்திகள். அதற்குக் கீழே சப்பாத்து, உப்புத்தரை. 2018 ஆகஸ்டில் அந்த ஆற்றங்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிறகு, மழை இரவில் அவர்களுக்குத் தூக்கம் வராவிட்டால் அதில் அரசியல் என்ன இருக்கிறது? பயத்தைக் கிளறி ஓட்டு வாங்குகிறவர்கள் அங்கே உண்டு, கோபத்தைக் கிளறி வாங்குகிறவர்கள் இங்கே உண்டு. பயப்படுகிற அம்மாவை அவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். அணையின் மேலிருந்து துளையிட்டு எஃகு வடங்களை அடிப்பாறையோடு இறுக்கிக் கட்டியதையும், பின்பக்கம் கான்கிரீட் சுவர் சேர்த்ததையும், மேலே கனத்த கான்கிரீட் மூடி போட்டதையும் மலையாளத்தில் நல்ல படங்களோடு அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்களில் எத்தனையோ பேர் இன்ஜினீயரிங் படித்தவர்கள். குமுளியில் கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வாரத்து வேலை.

நம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மலைக்கு அப்பாலிருந்து அவ்வளவு பாடுபட்டு வந்த ஆற்றில் கம்பமும் உத்தமபாளையமும் சின்னமனூரும் சாக்கடையைத் திறந்துவிடுகின்றன. வாய்க்கால் ஓரத்து நெல் வயல்களில் பிளாட் கல் முளைக்கிறது. ஆற்றங்கரை மோட்டார்கள் ராத்திரியில் யாருக்கு இறைக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். கேரளத்துக்கு எதிராகத் தொண்டை கிழியப் பேசும் எவராவது இவற்றுக்காக நகராட்சி வாசலில் ஒரு நாள் நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கவில்லை.

இந்த மாவட்டத்துக்கு அந்த மலை சுவர் இல்லை, வாசல். தண்ணீர் அந்த வழியாக வருகிறது, ஏலக்காய் வருகிறது, கூலி வருகிறது. நம் பன்னீர் திராட்சையும் வாழையும் அரிசியும் ஆட்டுக்கிடாயும் அந்த வழியாகப் போகின்றன. 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் வந்தபோது மூணாறிலிருந்தும் ராஜாக்காட்டிலிருந்தும் சென்னைக்குப் போகும் ஜனத்துக்கும் அது சௌகரியமாயிற்று. அதே ஆண்டு மே மாதம் சின்னக்கானலிலிருந்து கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள் வந்தபோது, இரண்டு மாநில வனத்துறையும் ரேடியோ காலரின் தகவலை வைத்து ஒன்றாகத்தான் அலைந்தன. ஒன்றாக வேலை செய்யத் தெரியாதவர்கள் என்று எந்தப் பக்கத்தையும் சொல்ல முடியாது.

அதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும். நாம் பளியன்குடி வழியாக மலையேறி நடக்கிறோம், அவர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள். கோயில் யாருடைய எல்லைக்குள் என்ற வழக்காடல் இருந்தபோதும், ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு முன்பு தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, எத்தனை ஜீப், ஒரு ஜீப்பில் எத்தனை பேர், குடிநீர் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே என்று முடிவு செய்கிறார்கள். வண்டிகளின் தகுதியைச் சோதித்த பிறகுதான் மேலே விடுகிறார்கள்.

ஒரு நாள் பக்தருக்குச் செய்வதை வருஷம் முழுக்க அதே மலையில் ஏறும் பெண்களுக்கும் செய்யுங்கள் என்று அந்த மேசையில் வைக்க ஒரு மனு வேண்டும். விடியற்காலையில் மூன்று மெட்டுக்கும் இரண்டு மாநிலமும் சேர்ந்து பஸ் விட வேண்டும். பஸ் போக முடியாத தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளுக்கு ஆள் கணக்கும் தகுதிச் சான்றும் வேண்டும். விபத்து நடந்தது கேரளத்தில், குடும்பம் இருப்பது தமிழ்நாட்டில் என்றால் இழப்பீட்டுக்கு எந்த அலுவலகத்தில் நிற்பது என்று இரு மாவட்டமும் எழுத்தில் தர வேண்டும். அணைப் பேச்சு எவ்வளவு சூடானாலும் தொழிலாளர் வண்டியும் காய்கறி வண்டியும் நிற்காது என்ற உறுதியும் அதே தாளில் இருக்க வேண்டும். நான்கு கோரிக்கைதான்.

கையெழுத்து வாங்குவது உங்கள் வேலை. கூடலூர், கம்பம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி என்று அதிகாலை ஐந்து மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்கே போங்கள். சாயங்காலம் போனால் களைத்திருப்பார்கள். பெயர், ஊர், எந்தத் தோட்டம், எத்தனை வருஷம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி எடுத்துப் போங்கள். மனுவைத் தமிழில் நான் எழுதித் தருகிறேன். மலையாளத்தில் எழுத நெடுங்கண்டத்தில் ஒரு சிநேகிதி இருக்கிறாள், என்னைப் போல ஓய்வு பெற்ற டீச்சர், கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டாள். அடுத்த சித்ரா பௌர்ணமிக் கூட்டத் தேதி அறிவிப்பதற்கு முன்பு நோட்டுகள் என் கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
உத்தமபாளையம்